வரமா? வழியா?

“எனக்கு அந்த வரம் இல்லை, ஐயா!”

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் இப்படிச் சொன்னான். வரலாற்றுப் பாடத்தில் முதுமக்கள் தாழியைப் பற்றிக் கூறிவிட்டு, நூலில் உள்ள தாழியின் படத்தைப் பார்த்து வரைந்து வருமாறு பணித்திருந்தேன். மறுநாள் எல்லோரும் ஏட்டை நீட்டினர். அவன் மட்டும் வெறுந்தாளை நீட்டினான். சோம்பேறி அல்லன் அவன்; கணக்கில் வகுப்பின் முதல்வன். கணக்கு வராதபோது இரவெல்லாம் விழித்திருந்து போட்டுப் பார்ப்பவன், கோடு வராதபோது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். கேட்டால், வரம் இல்லையாம்!

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல் அவனுடைய சொல் அன்று. வீட்டில் கேட்ட சொல். வீதியில் கேட்ட சொல். ஏன், பள்ளிக்கூடத்திலேயே கேட்ட சொல். ஓவியம் என்றால் அது அருள். பிறக்கும்போதே விரல்நுனியில் எழுதப்பட்டு வருவது. இருப்பவனுக்கு உண்டு, இல்லாதவனுக்கு இல்லை என்பது ஊரார் தீர்ப்பு. படித்தவர்களும் இந்தத் தீர்ப்புக்குக் கையொப்பம் இடுகின்றனர்.

தோழர்களே, இதே தீர்ப்பை வேறு வழக்குகளில் நாம் கேட்டதில்லையா? உழுபவன் மகனுக்கு எழுத்து ஏறாது என்றனர், ஏறிற்று. பெண்ணுக்குக் கணக்கு விளங்காது என்றனர், விளங்கிற்று. ஒவ்வொரு முறையும், ‘அது பிறப்பில் வருவது’ என்று கூறியே கதவு சாத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும், கதவைத் திறந்து பார்த்தபோது உள்ளே வரம் எதுவும் இல்லை. ஒரு பலகை இருந்தது, ஓர் ஆசிரியர் இருந்தார், நாள்தோறும் செய்யும் பயிற்சி இருந்தது.

வரைகலையின் வரலாறும் அத்தகையதே. அதனை ஐரோப்பாவின் வரலாற்றிலிருந்து எடுத்துக் காட்ட விரும்புகிறேன். வரையக் கற்பிக்கும் முறை எப்படிப் பிறந்தது, யார் அதனை மூடி வைத்தனர், யார் திறந்து விட்டனர், அதற்கு என்ன விலை கொடுத்தனர் என்பதற்கெல்லாம் அங்கே ஆண்டுவாரியாகச் சான்று கிடைக்கிறது.

* * *

சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்னர், இத்தாலியில் ஓவியம் என்பது பட்டறைத் தொழில். தட்டானைப் போல, தச்சனைப் போல, ஓவியனும் ஒரு தொழிலாளி. 1400ஆம் ஆண்டையொட்டி, சென்னினோ சென்னினி என்னும் ஓவியர் தம் தொழிலின் நுணுக்கங்களை ஒரு கைந்நூலாக எழுதி வைத்தார். நூலின் தொடக்கத்தில் கடவுளையும் புனிதர்களையும் வணங்குகிறார். ஆனால், மாணவனுக்கு வேலை சொல்லத் தொடங்கியதும், அருளை எதிர்பார்த்து அமர்ந்திருக்குமாறு அவர் கூறவில்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறார்! ஓராண்டு சிறு மரப்பலகையில் வரைந்து பழக வேண்டும். ஆறாண்டு ஆசானின் பட்டறையில் வண்ணம் அரைக்க வேண்டும், பசை காய்ச்ச வேண்டும், பலகைக்குப் பூச்சுப் பூச வேண்டும். அதன்பின் மேலும் ஆறாண்டு வண்ணம் தீட்டிப் பழக வேண்டும். விடுமுறை என்றும் வேலைநாள் என்றும் பாராமல் வரைந்துகொண்டே இருக்க வேண்டும். ஆக, 13 ஆண்டு!

வரம் பெற்றவனுக்கு 13 ஆண்டு எதற்கு? வணங்குவது வழக்கத்துக்காக, வளர்வது பயிற்சியால் என்பது சென்னினியின் கைக்குத் தெரிந்திருந்தது.

எனினும் இந்த முறையில் ஒரு குறை இருந்தது. கற்றுக்கொள்ள வேண்டுமாயின் ஆசானின் பட்டறைக்குள் நுழைந்தாக வேண்டும். நுழைவதற்கு ஆசான் மனம் வைக்க வேண்டும். கலை பட்டறைச் சுவருக்குள் அடைபட்டுக் கிடந்தது. சுவர் இடிய வேண்டுமானால், கைப்பழக்கம் கருத்தாக வேண்டும். கருத்து நூலாக வேண்டும். நூல் பலர் கைக்குப் போக வேண்டும்.

முதல் இடி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் விழுந்தது. புருனலெஸ்கி என்னும் கட்டடக் கலைஞர், தொலைவில் உள்ளது ஏன் சிறிதாகத் தோன்றுகிறது, எவ்வளவு சிறிதாகத் தோன்றுகிறது என்பதை அளவு கொண்டு காட்டினார். லியோன் பட்டிஸ்டா ஆல்பர்ட்டி 1435இல் அந்த அறிவை இலத்தீனில் நூலாக்கினார். அதனை இத்தாலிய மொழியிலும் தந்தார். இணையாக ஓடும் கோடுகள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதாகத் தோன்றும். கண்ணுக்கும் காட்சிக்கும் இடையே, நூலால் கட்டம் பிரித்த மெல்லிய திரையைத் தொங்கவிட்டால், எந்தக் கட்டத்தில் எந்தக் கோடு விழுகிறது என்று பார்த்துத் தாளில் எடுத்துக்கொள்ளலாம். இதில் மந்திரம் எங்கே? மறைபொருள் எங்கே? நூற்கயிறு, சட்டம், கண், பொறுமை! இவ்வளவுதான்.

* * *

ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே, செருமனியின் நியூரம்பர்க் நகரில் ஒரு பொற்கொல்லரின் மகன் இருந்தார். பெயர் ஆல்பிரெக்ட் டியூரர். தம் நாட்டு இளம் ஓவியர்கள் கைத்திறத்தில் சிறந்தும் அளவுக்கலை அறியாமல் வளர்கின்றனரே என்ற கவலை அவரை வாட்டிற்று. இத்தாலிக்குச் சென்று கற்றார். கற்றதைத் தம்மோடு வைத்துக்கொண்டிருக்கலாம். அதை வைத்துப் பெரும் பொருள் ஈட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1525இல், கவராயமும் அளவுகோலும் கொண்டு கோடுகளையும் தளங்களையும் திண்மங்களையும் அளந்து வரையும் முறையை நூலாக வெளியிட்டார்.

எந்த மொழியில்? இதுதான் நாம் கருதத்தக்கது. அறிஞர் மொழி அன்று இலத்தீன். டியூரர் எழுதியதோ செருமன் மொழியில்! ஓவியருக்கு மட்டுமல்லாமல் பொற்கொல்லர், சிற்பி, கல்தச்சர், மரத்தச்சர் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பது அவர் நோக்கம். அவர்களுக்கு இலத்தீன் தெரியாது. தெரியாதவன் தெரிந்துகொண்டு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நூலைத் தெருவுக்கு இறக்கிக் கொண்டுவந்தார்.

‘தாய்மொழியில் சொல் இல்லையே’ என்ற பேச்சு அப்போதும் எழுந்திருக்கும். டியூரர் சொல்லைப் பட்டறையிலேயே தேடினார். பரவளைவுக்கு ‘எரிகோடு’ என்று பெயரிட்டார். அவ்வடிவில் செய்த ஆடி ஞாயிற்றின் கதிரை ஓரிடத்தில் குவித்து எரிக்குமன்றோ! அதிபரவளைவுக்குக் ‘கவைக்கோடு’. நீள்வட்டத்துக்கு ‘முட்டைக்கோடு’. கொல்லனும் தச்சனும் கேட்ட மாத்திரத்தில் கண்முன் காணக்கூடிய சொற்கள். இலத்தீனில் அந்நூல் வந்தது 1532இல். டியூரர் 1528இல் மறைந்த பிறகு. முதலில் மக்கள் மொழி, பின்னர்தான் புலவர் மொழி!

இந்த முட்டைக்கோட்டில் ஒரு வேடிக்கை உண்டு. கூம்பு ஒன்றைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் நீள்வட்டம் ஆகும். கூம்பு கீழே போகப் போக அகலுகிறதே, ஆகையால் வெட்டுமுகமும் கீழே அகன்று முட்டை போலத்தான் இருக்கும் என்று டியூரர் எண்ணிவிட்டார். அப்படியே வரைந்தும் விட்டார். அவர் சொன்ன முறை சரி. வரைந்த வடிவம் பிழை. அந்த முறையையே கையில் எடுத்துக்கொண்டு, அவர் சொன்னபடியே புள்ளிகளைக் குறித்துப் பார்ப்பவன், டியூரரின் பிழையைத் தானே கண்டுபிடித்துவிடலாம்!

தோழர்களே, வரத்துக்கும் வழிமுறைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. வரத்தை யாரும் திருத்த முடியாது. தந்தவனைத் தேட வேண்டும். வழிமுறையை யாரும் திருத்தலாம்; தந்தவனையே திருத்தலாம். பெரியவர் எழுதினார் என்பதற்காகப் பிழை பிழையல்லாமல் போவதில்லை. அந்தப் பிழையைக் காணும் கண்ணையும் அவரே கற்போனுக்குக் கொடுத்துவிட்டார் என்பதுதான் டியூரரின் பெருமை.

* * *

பட்டறைச் சுவர் இடிந்தது. ஆனால் வேறொரு சுவர் எழுந்தது. அதன் பெயர் கலைக்கழகம். பிளாரன்சில் 1563இலும், பாரிசில் 1648இலும், இலண்டனில் 1768இலும் அரசர்களின் ஆதரவில் கழகங்கள் தோன்றின. முறையான பாடம், முறையான வகுப்பு, முறையான தேர்வு. நல்லதுதான். ஆனால் யாருக்கு?

இலண்டன் அரசக் கலைக்கழகத்தை நிறுவியோரில் இருவர் பெண்கள்: அஞ்செலிகா காப்மன், மேரி மோசர். கழகத்தினர் கூடியிருக்கும் காட்சியை 1771, 1772ஆம் ஆண்டுகளில் சோபனி என்னும் ஓவியர் தீட்டினார். ஆடையற்ற ஆண் ஒருவனை மாதிரியாக நிறுத்தி, கழகத்து ஆடவர் சூழ்ந்து நிற்கின்றனர். அந்த இரு பெண்களும் எங்கே? சுவரில்! இரண்டு முகப்படங்களாகச் சுவரில் மாட்டப்பட்டிருக்கின்றனர். உறுப்பினர் என்ற பெயர் உண்டு. உடலமைப்பைக் கற்கும் அறையில் உட்கார இடமில்லை. மனித உடலைப் பார்த்து வரையாமல் அன்று பெரிய வரலாற்று ஓவியம் எதையும் தீட்ட இயலாது. அந்த வாயிலை அடைத்துவிட்டு, ‘பெண்கள் பூவும் கனியும்தான் வரைவார்கள்; அவர்களுக்குப் பெரிய ஓவியம் கைவராது’ என்று பேசினர். காலைக் கட்டிப் போட்டுவிட்டு, ஓடத் தெரியவில்லை என்று சிரிக்கும் கூட்டம் எந்த நாட்டில்தான் இல்லை!

1860இல் லாரா ஹெர்போர்டு என்ற பெண், தம் படங்களில் முதலெழுத்துகளை மட்டும் இட்டுக் கழகப் பள்ளிக்கு அனுப்பினார். படம் நன்றாக இருந்தது; இடம் கிடைத்தது. வந்து நின்றவரோ பெண்! பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று விதியில் எழுதி வைக்க அவர்கள் மறந்திருந்தனர். எழுதாமலேயே நடக்கும் என்று நம்பியிருந்தனர். அவருக்குப் பின் மற்றப் பெண்களும் வந்தனர். ஆனாலும் மனித மாதிரியைப் பார்த்து வரையும் வகுப்பு பெண்களுக்குத் திறக்க 1893ஆம் ஆண்டு ஆயிற்று. அதுவும் மாதிரிக்கு ஆடை சுற்றி! பெயர் மறைந்திருந்தபோது திறமையாகத் தெரிந்தது, பெயர் தெரிந்தவுடன் குறையாகத் தெரிந்ததென்றால், குறை கோட்டில் இல்லை. பார்த்த கண்ணில் இருந்தது.

பாலினச் சுவர் இது. குடிப்பிறப்பின் சுவரும் இருந்தது. சுவிட்சர்லாந்தில், ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காகத் தம்மையே கரைத்துக்கொண்ட பெஸ்டலாசி என்ற ஆசிரியர், எழுத்துக்கு முன்னால் கோடு என்றார். நேர்கோடு, கோணம், சதுரம், வட்டம் இவற்றைக் கண்டும் அளந்தும் வரைந்தும் பழகிய பிள்ளைக்கு எழுத்தும் எளிதில் வரும் என்பது அவர் கொள்கை. அதற்கான கோட்டுப் பாடங்களை உருவாக்கத் துணைநின்றவர் புஸ் என்பவர். ஓவியம் பயில விரும்பிய அவர் இளமையில் கலைப்பள்ளி வாயிலுக்குச் சென்றபோது, நடுத்தர, அடித்தட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இடமில்லை என்ற அரசாணை குறுக்கே நின்றது. புத்தகம் கட்டும் தொழிலுக்குப் போனார். உள்ளே வராதே என்று விரட்டப்பட்ட அந்தக் கையே, ஒவ்வொரு குழந்தையும் வரையலாம் என்று கூறும் பாடத்தை உருவாக்க உதவிற்று. 1803இல் பெஸ்டலாசியின் அந்த அரிச்சுவடி வெளிவந்தது. எழுத்துக்கு அரிச்சுவடி உண்டு; இனிக் கண்ணுக்கும் ஓர் அரிச்சுவடி!

* * *

அந்த அரிச்சுவடி முழுப் பாடத்திட்டமாக வளர்ந்தது 20ஆம் நூற்றாண்டில். முதல் உலகப்போரில் செருமனி தோற்று, முடியரசு வீழ்ந்து, வைமர் நகரில் குடியரசின் அரசமைப்பு உருவான ஆண்டு 1919. அதே ஆண்டு, அதே நகரில், வால்ட்டர் குரோப்பியஸ் என்னும் கட்டடக் கலைஞர் ‘பௌஹவுஸ்’ என்ற பள்ளியைத் தொடங்கினார். ஓவியனுக்கும் தச்சனுக்கும் இடையே எழுப்பப்பட்ட செருக்குச் சுவரை இடிப்போம் என்பது அதன் முழக்கம். வயது பாராமல், ஆண் பெண் என்று பாராமல் சேர்த்துக்கொள்வோம் என்றும் அறிவித்தது. அறிவிப்பை நம்பிப் பெண்கள் திரளாக வந்தனர். வந்த பின், அவர்களுள் பெரும்பாலோரை நெசவுப் பிரிவுக்கே திருப்பிவிட்டனர் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். சுவரை இடிக்க வந்தவர் கையிலும் ஒரு செங்கல் ஒட்டிக்கொண்டிருந்தது!

எனினும், பௌஹவுஸ் உலகுக்குத் தந்த பெருங்கொடை ஒன்று உண்டு. அதுதான் தொடக்கப் பயிற்சி. எத்தொழில் கற்க வந்தவரும் முதலில் இதனைக் கற்றாக வேண்டும். வகுத்தவர் யோகானஸ் இட்டன். தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர். கரடு, மென்மை; ஒளி, இருள்; பெரிது, சிறிது; நீளம், குறுக்கம்; புள்ளி, கோடு, தளம் என்று எதிரெதிர்ப் பண்புகளை மாணவர் தேடி, தொட்டு, உணர்ந்து, வரைந்து காட்ட வேண்டும். அழகிய படம் ஒன்றைப் பார்த்துப் படியெடுக்கும் பாடம் இதில் முதன்மை பெறவில்லை. எந்தப் படத்துக்கும் அடியில் கிடக்கும் உறவுகளைக் கண்டறியும் பாடமே இது. ஒரு தாளில் ஒரு கரும்புள்ளியை நடுவில் வை, அமைதி. மூலைக்கு நகர்த்து; பதற்றம். புள்ளி மாறவில்லை, தாள் மாறவில்லை, உறவு மாறிற்று. வடிவமைப்பின் முதற்பாடம் இதுவே.

பால் கிளே அங்கே ஆசிரியரானார். நகரும் புள்ளியே கோடு என்பதிலிருந்து தம் பாடத்தைத் தொடங்கி, 1925இல் அதனை நூலாக்கினார். காண்டின்ஸ்கி வந்தார், புள்ளி, கோடு, தளம் என்ற மூன்றையும் பற்றி 1926இல் ஒரு நூலே எழுதினார். நம் வீட்டு வாயிலில் நாள்தோறும் இப்பாடம் நடக்கவில்லையா? புள்ளி வைத்து, கோடு இழுத்து, தளம் நிரப்பும் நம் தாய்மார் எந்த வரத்தையும் பெற்று வந்தவர் அல்லர். தாயின் அருகே குந்தியிருந்து பார்த்தனர், தவறாகப் போட்டனர், அழித்தனர், மீண்டும் போட்டனர். அவ்வளவே.

இட்டன் மீதும் ஒரு குறை சொல்ல வேண்டும். அவர் மஸ்தஸ்னான் என்ற சமயக் குழுவில் மூழ்கியவர். தலை மழித்து, நோன்பு நோற்று, மாணவரையும் அதில் இழுத்தார். இதில் குரோப்பியசோடு பிணக்கு முற்றி 1923இல் பள்ளியை விட்டு நீங்கினார். நோன்பு அவரோடு போயிற்று. பயிற்சி பள்ளியில் நின்றது! அதனைக் கையேற்றவர்களுள் ஒருவர் யோசப் ஆல்பர்ஸ். அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவரே.

ஆல்பர்ஸ் ஒருநாள் வகுப்பில் பழைய செய்தித்தாள்களைக் கொடுத்து, தாளை வீணாக்காமல் ஏதேனும் செய்யுங்கள் என்று கூறிவிட்டுச் சென்றாராம். மாணவர் கோட்டை செய்தனர், வானூர்தி செய்தனர், விலங்கு செய்தனர். திரும்பி வந்தவர், இவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்றார். ஒருவர் மட்டும் தாளை மடித்து, மடிப்புத்திரை போல நிமிர்த்தி வைத்திருந்தார். அதனை எடுத்துப் போற்றினார் ஆல்பர்ஸ். தட்டையாகப் படுத்துக் கிடக்கும் தாளுக்கு ஒரு மடிப்பு நிற்கும் வலிமையைத் தந்தது. பொருளின் தன்மையைப் பொருளிடமே கேட்டறிவது கல்வி. கேட்காமலே கோட்டை கட்டுவது கற்பனைச் செருக்கு.

இத்தகைய பள்ளியை ஆதிக்கவாதிகள் விட்டு வைப்பார்களா? வைமரில் வலதுசாரிகள் பணத்தை நிறுத்தினர்; பள்ளி 1925இல் டெசோவுக்குப் பெயர்ந்தது. அங்கே நாசிகள் நகராட்சியைப் பிடித்து 1932இல் மூடினர்; பெர்லினுக்குப் பெயர்ந்தது. 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் மாதம் காவலர் வந்து கட்டடத்தைப் பூட்டினர். அவ்வாண்டிலேயே பள்ளி கலைக்கப்பட்டது. ஆல்பர்ஸ் அமெரிக்கா சென்றார். பாடமும் உடன் சென்றது. இன்று உலகெங்கும் வடிவமைப்புக் கல்லூரிகளில் முதலாண்டில் நடக்கும் அடிப்படைப் பயிற்சியில் அந்தப் பாடத்தின் சாயலைக் காணலாம். கட்டடத்தைப் பூட்டலாம், புள்ளியும் கோடும் எந்தப் பூட்டுக்குள் அடங்கும்?

* * *

அடங்காது என்பதை மெய்ப்பித்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க எனக்கு உரிமையில்லை.

பிரீடல் டிக்கர், 1898இல் வியன்னாவில் பிறந்தவர். இட்டனிடம் வியன்னாவில் பயின்று, அவரைப் பின்தொடர்ந்து 1919இல் பௌஹவுசில் சேர்ந்தவர். நெசவு, அச்சு, அரங்கம், மரச்சாமான் எனப் பலவற்றிலும் கைதேர்ந்தவர். 1934இல் வியன்னாவில் அரசியல் காரணத்துக்காகச் சிறை வைக்கப்பட்டு, விடுதலையானபின் பிராக் நகரம் சென்றார். அங்கே பாவெல் பிராண்டைசை மணந்தார். அகதிகளாக வந்த குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். அவர் யூதர். 1942 டிசம்பரில் அவரும் கணவரும் தெரேசின் என்ற வதைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஆளுக்கு 50 கிலோ மூட்டைதான் எடுத்துச் செல்லலாம். அந்த 50 கிலோவில் அவர் ஓவியப் பொருள்களுக்கும் இடம் ஒதுக்கினார். யாருக்காக? அங்கே இருக்கப்போகும் குழந்தைகளுக்காக!

முகாமில் குழந்தைகளுக்குப் பள்ளிப்பாடம் தடைசெய்யப்பட்டிருந்தது. பிரீடல் கோடு கற்பித்தார். பயன்படுத்திக் கழித்த அலுவலகப் படிவங்களின் பின்பக்கமும் பொட்டலத் தாளும்தாம் ஏடு. பௌஹவுசில் கற்ற அதே பயிற்சிகள்: கோட்டின் ஒத்திசைவு, ஒளியும் நிழலும், கிழித்த தாளை ஒட்டி உருவம் அமைத்தல். பசித்த வயிறு, அடுத்த வண்டியில் பெயர் இருக்குமோ என்ற அச்சம்; அதற்கு நடுவே, ‘இதோ இந்தப் பொருளைப் பார்; அதன் வடிவத்தைப் பார்; கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, பார்’ என்று ஓர் ஆசிரியை! இவர்களை எல்லாம் ஓவியராக்க வேண்டும் என்பது அவர் நோக்கம் அன்று. பிறர் கட்டளைக்கே அசைந்து அசைந்து உள்ளம் இறுகிப்போன குழந்தை, தாளின் மீதாவது தானே முடிவெடுக்கட்டும். தன் கண்ணால் காணட்டும், தன் கையால் அமைக்கட்டும் என்பதே நோக்கம்.

வரைந்த தாளில் பெயரை எழுதச் சொன்னார். முகாமில் அக்குழந்தைகளுக்கு எண்கள் தரப்பட்டிருந்தன. தாளில் மட்டும் பெயர்!

1944 செப்டம்பரில் கணவரை வண்டியேற்றி அனுப்பினர். அடுத்த மாதம், தாமே முன்வந்து பிரீடலும் வண்டியேறினார். 1944 அக்டோபர் 9ஆம் நாள், ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். வயது 46. அவர் கற்பித்த குழந்தைகளுள் பெரும்பாலோரும் கொல்லப்பட்டனர். கணவர் உயிர் தப்பினார். புறப்படுமுன், குழந்தைகளின் ஓவியங்களை இரண்டு பெட்டிகளில் நிரப்பி முகாமிலேயே விட்டுச் சென்றிருந்தார். ஏறத்தாழ 4,500 தாள்கள். போர் முடிந்தபின், 1945இல், முகாமில் குழந்தைகளைக் காத்துவந்த வில்லி குரோக் என்பவர் அப்பெட்டிகளைப் பிராக் நகரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்குள்ள யூத அருங்காட்சியகம் இன்றும் அவற்றைக் காத்து வருகிறது. வீடு, மரம், பூ, அடுக்குக் கட்டில், வண்டி. பலவற்றின் மூலையில் ஒரு பெயர். கொன்றவர்கள் அழிக்க எண்ணியது அந்தப் பெயர்களை. பெயர்கள் நிற்கின்றன, கோடுகளின் துணையோடு.

அந்தப் பிள்ளைகளுள் எவருக்கு வரம் இருந்தது, எவருக்கு இல்லை என்று பிரீடல் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்க நேரமும் இல்லை. பலகை இல்லாத இடத்தில் பாடம் நடந்தது; நாளை என்பது இல்லாதவர்கள் கற்றனர்.

* * *

என் மாணவனிடம் மீண்டும் வருகிறேன்.

அவனைப் பள்ளி முடிந்தபின் இருக்கச் சொன்னேன். தண்ணீர்க் குடம் ஒன்றை மேசைமேல் வைத்து, வாயை மட்டும் வரை என்றேன். தயங்கித் தயங்கி முழுவட்டமாக வரைந்தான். “ஏன் வட்டம் போட்டாய்?” என்றேன். “குடத்தின் வாய் வட்டந்தானே, ஐயா!” என்றான். “அது உனக்குத் தெரிந்த செய்தி. உன் கண்ணுக்கு என்ன தெரிகிறது?” என்றேன். எழுதுகோலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, குடவாயின் அகலத்தை அளக்கச் சொன்னேன். பின் உயரத்தை அளக்கச் சொன்னேன். அளந்தான், வியந்தான். அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உயரம்! அழித்துவிட்டு மறுபடி வரைந்தான். இம்முறை ஒருபக்கம் தடித்து, ஒருபக்கம் மெலிந்து, முட்டை போல வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. டியூரருக்கும் முதலில் முட்டைதான் வந்தது என்று கூறி, கதையைச் சொன்னேன். அவன் ஏழாம் முறை வரைந்தபோது அது நீள்வட்டமாக நின்றது. மறுநாள் தாழியின் படமும் வந்தது. அழகென்று சொல்ல முடியாது. ஆனால் தாழி, தாழியாக இருந்தது.

இதில் என்ன பெரிது என்று கேட்கலாம். பெரிதுதான், தோழர்களே. ‘குடத்தின் வாய் வட்டம்’ என்பது அவன் பிறர் சொல்லக் கேட்ட உண்மை. ‘இங்கிருந்து பார்த்தால் இப்படித் தெரிகிறது’ என்பது அவன் தானே அளந்து கண்ட உண்மை. கேட்டதை ஒப்புவிக்காமல் கண்டதைச் சொல்லும் துணிவு, பிழையெனத் தெரிந்தால் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கும் நேர்மை, இவ்விரண்டும் கோட்டின் வழியே கைக்கு வருகின்றன. கையிலிருந்து கருத்துக்கு வருகின்றன. ஆகவேதான், வரைகலையை ஓய்வுநேர ஒப்பனையாக எண்ணி ஒதுக்கக் கூடாது. ஓவிய வகுப்பைத் தேர்வு நெருங்கியதும் முதலில் பலியிடவும் கூடாது.

ஊர் இளைஞர்களே, படிப்பகத்தில் நாளேடு படிக்கிறீர்கள், நன்று. வாரத்தில் ஒரு மாலை, ஒரு குடத்தையும் சில தாள்களையும் வைத்து, தெருப்பிள்ளைகளைக் கூட்டுங்கள். நீங்களும் உட்காருங்கள். “எனக்கு அந்த வரம் இல்லை” என்று எவரேனும் சொன்னால், எழுதுகோலை அவர் கையில் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளக்கச் சொல்லுங்கள்.